அடிப்படை இயற்பியலில் கருத்துருப் புரிதலைப் பலவுள் தெரிவு வினாக்களால் அளவிடுதல்: தமிழ்வழி மாணவரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இயற்பியல் கணக்குகளைச் சரியாகச் செய்யும் மாணவர் பலர், அக்கணக்குகளின் அடியில் உள்ள கருத்துருவைப் புரிந்துகொள்ளாமலே தேர்ச்சி பெறுகின்றனர் என்பது கடந்த நாற்பது ஆண்டுகளின் இயற்பியல் கல்வி ஆய்வுகள் உறுதிப்படுத்திய செய்தியாகும். அதனை வெளிக்கொணர்ந்த கருவி ஒரு பலவுள் தெரிவு வினாத்தாள். அத்தகைய வினாத்தாள் எவ்வாறு உருவாக்கப்படுகிறது, அதன் மதிப்பெண்ணை எவ்வாறு பொருள்கொள்வது, தமிழில் அதனை ஆக்கும்போது எழும் சொற்சிக்கல்கள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வாழ்க்கைச் சூழலிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: கருத்துருப் புரிதல், பலவுள் தெரிவு வினா, மயக்க விடை, விசை, இயல்பாக்கிய ஈட்டம், ஏற்புடைமை, கலைச்சொல்.

முன்னுரை

பூவா தலையா எனக் கேட்டு நாணயம் ஒன்றைச் சுண்டிவிடுகிறோம். அது விரலை விட்டு நீங்கி மேலே சென்றுகொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கருதாவிடின், அக்கணத்தில் நாணயத்தின்மீது செயல்படும் விசைகள் யாவை?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் என் அறையில் ஒரு மாலையில், இளமறிவியல் இயற்பியல் பயிலும் மாணவியர் சிலரிடம் இவ்வினாவைக் கேட்டேன். மேல்நோக்கி ஒரு விசை, கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை, மேல்நோக்கிய விசை பெரியது என்னும் விடையே முதலில் வந்தது. எறியப்பட்ட பொருளின் பெரும உயரத்திற்கான சமன்பாட்டை அவர்கள் ஒரு நிமிடத்திற்குள் வருவித்துக் காட்டினர் என்பதையும் கூற வேண்டும். சமன்பாட்டில் கீழ்நோக்கிய முடுக்கம் ஒன்றே இருக்கிறது; மேல்நோக்கிய விசைக்கு அதில் இடமே இல்லை. தாம் எழுதிய சமன்பாடும் தாம் கூறிய விடையும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. என்னிடம் யாரேனும் பதினெட்டு வயதில் கேட்டிருந்தால் நானும் அவ்விடையையே கூறியிருப்பேன்.

இது ஒரு சிலரின் அறியாமையன்று. ஜான் கிளெமென்ட் 1982இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் இதே நாணய வினாவைக் கேட்டு இதே விடையைப் பெற்றார். அவருக்கு முன்னர், 1979இல், லாரன்ஸ் வியன்னோ ஐரோப்பிய மாணவரிடம் இதனை ஒத்த சிந்தனையைக் கண்டு எழுதினார். எறிந்தவரின் கையிலிருந்து பொருளுக்குள் ஏதோ ஒன்று புகுந்து, அது தீரும்வரை பொருளை இயக்குகிறது என்னும் எண்ணம் ஆறாம் நூற்றாண்டில் பிலோபோனசிடமும் பதினான்காம் நூற்றாண்டில் பூரிதானிடமும் முறையான கோட்பாடாகவே இருந்தது. நியூட்டனின் பிரின்சிப்பியா 1687இல் வெளிவந்தது. அறிவுலகம் பல நூற்றாண்டுகள் கொண்டிருந்த எண்ணத்தை நம் மாணவர் ஒரு பருவத்தில் கைவிட வேண்டும் என எதிர்பார்க்கிறோம். கைவிட்டனரா என்று சோதிப்பதும் இல்லை.

விசைக் கருத்துருச் சோதனையின் தோற்றம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனஸ் ஆகியோர் 1985இல் இயந்திரவியலுக்கான ஒரு குறையறி சோதனையை வெளியிட்டனர். முதலில் அவர்கள் விடைகளைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் கொடுத்து, மாணவர் தம் சொற்களில் எழுதிய விடைகளைத் திரட்டினர். திரும்பத் திரும்ப வந்த தவறான விடைகளையே பின்னர் தெரிவுகளாக அமைத்தனர். அதன் வளர்ச்சியாக 1992இல் ஹெஸ்டனசும், உயர்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களான மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்கமர் ஆகியோரும் இணைந்து விசைக் கருத்துருச் சோதனையை வெளியிட்டனர். தொடக்கத்தில் 29 வினாக்கள் இருந்தன. 1995ஆம் ஆண்டுத் திருத்திய வடிவில் 30 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். ஆங்கில முதலெழுத்துகளால் எஃப்.சி.ஐ. என்றே உலகெங்கும் இதனைக் குறிக்கின்றனர். நம்மூரில் அவ்வாறு கூறினால் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கே நினைவுக்கு வரும் என்பதால் இக்கட்டுரையில் தமிழ்ப் பெயரே ஆளப்படுகிறது.

இச்சோதனையில் கணக்கீடு எதுவும் இல்லை. சமன்பாடு தேவையில்லை. வினாக்களைப் பார்த்த பேராசிரியர் பலர் இவை மிக எளியவை எனக் கருதினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் அவர்களுள் ஒருவர். தம் மாணவர் இதனை நொடியில் முடித்துவிடுவர் என அவர் எண்ணியிருக்க, சோதனையின்போது மாணவி ஒருவர், நீங்கள் கற்பித்தபடி விடையளிக்க வேண்டுமா, நான் உண்மையில் நினைக்கிறபடி விடையளிக்க வேண்டுமா என்னும் பொருள்பட வினவியதாக அவரே பதிவு செய்துள்ளார். அவ்வினா அவருடைய கற்பித்தல் முறையையே மாற்றியது. மாணவர் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்கும் முறையைப் பற்றிய அவர் நூல் 1997இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு ரிச்சர்டு ஹேக் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6542 மாணவரின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை, இக்கருவியின் பயனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. அதன் முடிவுகளுக்குப் பின்னர் வருவோம்.

மயக்க விடைகள் உருவாகும் முறை

தமிழ்நாட்டு மாணவருக்குப் பலவுள் தெரிவு வினா புதிதன்று. மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை இரண்டாமாண்டு இயற்பியல் தேர்வில் 70 மதிப்பெண்களுள் 15 இவ்வகை வினாக்களுக்கு உரியவை. நீட் தேர்வு முழுவதும் இவ்வகையே. எனவே, ஏற்கெனவே தெரிவு வினாக்களில் மூழ்கியிருக்கும் மாணவருக்கு இன்னொரு தெரிவு வினாத்தாள் எதற்கு என்னும் கேள்வி இயல்பாக எழும். வேறுபாடு சரியான விடையில் இல்லை. தவறான விடைகளில் உள்ளது.

2 கிலோகிராம் நிறையுள்ள பொருளின்மீது 10 நியூட்டன் விசை செயல்பட்டால் முடுக்கம் எவ்வளவு என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். தெரிவுகள் 5, 20, 0.2, 12 என அமையும். பெருக்கியவர், தலைகீழாக வகுத்தவர், கூட்டியவர் ஆகியோருக்கான வலைகள் இவை. இவற்றுள் எதைத் தெரிந்தாலும், விசை என்பதை அம்மாணவர் என்னவாக நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

கருத்துருச் சோதனையில் ஒவ்வொரு தவறான தெரிவும் மாணவர் உண்மையில் கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையின் வடிவம். சரியான விடையை அறியாதவரை மட்டுமன்றி, தாம் அறிந்திருப்பதாக எண்ணுபவரையும் அது ஈர்க்க வேண்டும். இதனை மயக்க விடை எனலாம். கல்வியியல் நூல்கள் சிலவற்றில் வழங்கும் கவனச்சிதறல் என்னும் சொல் பொருந்தவில்லை. மாணவரின் கவனம் இங்குச் சிதறுவதில்லை, தன் எண்ணத்தையே அங்குக் கண்டுகொள்கிறது.

விசைக் கருத்துருச் சோதனையின் வினாக்களை வெளிப்படையாக அச்சிடுவது வழக்கமன்று. வெளியானால் அவையும் வழிகாட்டி நூல்களில் ஏறி மனப்பாடப் பொருளாகிவிடும். ஆகவே, நம் வட்டாரச் சூழலில் நான் அமைத்த வினா ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன்.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளிலும் சேலத்தின் பல தெருக்களிலும் விசைத்தறியின் ஒலி கேளாத நாளில்லை. தறியின் ஒரு பக்கத்தில் உள்ள கட்டை நாடாவை அடிக்கிறது; நாடா பாவு நூல்களுக்கிடையே மறுபக்கத்திற்கு ஓடுகிறது. கட்டையின் தொடுகை நீங்கி, நாடா தறியின் நடுப்பகுதியைக் கடக்கும் கணத்தில், அது செல்லும் திசையில் அதன்மீது செயல்படும் விசை யாது?

அ. கட்டை கொடுத்த விசை, குறையாமல்.
ஆ. கட்டை கொடுத்த விசை, சற்றுக் குறைந்த அளவில்.
இ. மோட்டாரிலிருந்து தொடர்ந்து வரும் விசை.
ஈ. நாடாவின் வேகத்திற்கு ஏற்ற அளவுள்ள விசை.
உ. அத்திசையில் விசை எதுவும் இல்லை.

சரியான விடை கடைசித் தெரிவு. தொடுகை நீங்கியபின் முன்னோக்கித் தள்ளுவது எதுவும் இல்லை. உராய்வும் பின்னே இழுபடும் ஊடைநூலும் நாடாவை மெதுவாக்குகின்றன. எடையும் அடிப்பலகையின் தாங்குவிசையும் செங்குத்துத் திசையில் உள்ளன. முதல் இரு தெரிவுகளும் பூரிதானின் எண்ணத்தின் இரு வடிவங்கள். ஆ என்பதைத் தெரிபவர், உந்துதல் தானே தேய்ந்துபோகும் என நம்புபவர். மூன்றாம் தெரிவு இயக்கத்திற்கு ஓர் இயக்கி எப்போதும் வேண்டும் என்னும் எண்ணத்தையும், நான்காம் தெரிவு விசையும் திசைவேகமும் நேர்விகிதத்தில் அமையும் என்னும் எண்ணத்தையும் காட்டுகின்றன. ஒரு வகுப்பில் பெரும்பாலோர் ஆ எனவும் இன்னொரு வகுப்பில் ஈ எனவும் தெரிந்திருப்பின், இரு வகுப்புகளின் சராசரி மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் ஆசிரியர் செய்ய வேண்டிய பணி வேறு வேறாகும்.

ஒரே கருத்துருவைப் பல சூழல்களில் கேட்பதும் இன்றியமையாதது. விசைக் கருத்துருச் சோதனையில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு மட்டும் நான்கு வினாக்கள் உள்ளன. நாமக்கல் பகுதி மாணவர் ஒருவரிடம் ஒவ்வொரு வினைக்கும் என்று தொடங்கினாலே போதும், விதியை முழுமையாகச் சொல்லிவிடுவார். லாரி ஒன்று இருசக்கர வண்டியின்மீது மோதும்போது எது எதன்மீது மிகுந்த விசையைச் செலுத்துகிறது எனக் கேட்டால், லாரிதான் என்பார். விதி பாடத்திற்கு உரியது, லாரி சாலைக்கு உரியது என்று அவர் மனத்தில் இரண்டும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன. விளைவைக் கொண்டு விசையை அளவிடுவதே இங்கு நிகழும் பிழை. விசைகள் சமம், நிறை குறைந்த வண்டிக்கு முடுக்கம் மிகுதி என்பதால் சேதமும் மிகுதியாகிறது.

இந்தியாவிலும் இத்தகைய பணி நடைபெற்றுள்ளது. 1974இல் நிறுவப்பட்ட, மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சார்ந்து கே.கே. மஷூத், விஜய் ஏ. சிங் ஆகியோர் துகளின் சுழற்சி இயக்கவியலுக்கான கருத்துருச் சோதனையை 2012இலும், நிலையான அச்சைப் பற்றிய திண்பொருளின் சுழற்சிக்கான சோதனையை 2015இலும் வெளியிட்டனர். வெப்பக் கடத்தல் பற்றிய மாணவரின் பிழைக்கருத்துகளை ஷிரீஷ் பத்தாரே, எச்.சி. பிரதான் ஆகியோர் 2010இல் ஆராய்ந்தனர். வெளிநாட்டுக் கருவியை அப்படியே எடுத்தாளாமல் கருத்துரு ஒன்றைத் தெரிந்து தொடக்கத்திலிருந்து கருவியை ஆக்கியதில் மஷூத், சிங் ஆகியோரின் பணி தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு நல்ல முன்மாதிரி.

மதிப்பெண்ணைப் பொருள்கொள்ளுதல்

ஐந்து தெரிவுகள் கொண்ட 30 வினாக்களில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 6 விடைகள் சரியாக அமையும். ஆனால் பாடம் கற்பிக்கும் முன் நடத்தும் சோதனையில் சில வினாக்களுக்குச் சரியான விடை தந்தோர் இந்த ஐந்தில் ஒரு பங்கையும் விடக் குறைவாக இருப்பதுண்டு. இதனைக் கண்டு வினா பழுதுடையது என முடிவுசெய்யக் கூடாது. மயக்க விடை வலுவாகச் செயல்படுகிறது என்பதே அதன் பொருள்; மாணவர் அங்கு ஊகிக்கவில்லை, உறுதியாக நம்புகின்றனர். ஹெஸ்டனசும் ஹலூனும் 60 விழுக்காட்டை நியூட்டனியச் சிந்தனைக்குள் நுழையும் வாயிலாகவும் 85 விழுக்காட்டை அதில் தேர்ச்சி பெற்ற நிலையாகவும் கொண்டனர்.

கற்பித்தலின் பயனை அளக்க ஹேக் பயன்படுத்தியது இயல்பாக்கிய ஈட்டம் என்னும் அளவு. பின்சோதனை விழுக்காட்டிலிருந்து முன்சோதனை விழுக்காட்டைக் கழித்து, அதனை 100க்கும் முன்சோதனை விழுக்காட்டிற்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். ஒரு வகுப்பு 20இலிருந்து 44க்கு உயர்ந்தால் ஈட்டம் 24/80, அதாவது 0.3. இன்னொரு வகுப்பு 60இலிருந்து 72க்கு உயர்ந்தால் 12/40, அதுவும் 0.3. பெறக்கூடியதில் எத்தனை பங்கைப் பெற்றனர் என்பதே கணக்கு. ஹேக்கின் தொகுப்பில் மரபான விரிவுரை முறையில் அமைந்த 14 வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர் ஈடுபாட்டிற்கு இடமளித்த 48 வகுப்புகளின் சராசரி 0.48. விரிவுரை வகுப்புகளுள் ஒன்றுகூட 0.3ஐ எட்டவில்லை. விரிவுரையாளர் சிறந்தவரா இல்லையா என்பதற்கு இதில் பெரிய இடமில்லை என்பது நம்மைப் போன்றோருக்குச் சற்றுக் கசப்பான செய்தியே.

பயிற்சிக் கணக்குகளைப் பெருக்கினால் புரிதல் தானே வரும் என்பது நம் பகுதியில் வேரூன்றிய நம்பிக்கை. நாமக்கல், இராசிபுரம் பகுதிகளின் தங்கிப் பயிலும் பள்ளிகள் இந்நம்பிக்கையின்மீது எழுந்தவை. கொரியாவின் உன்சுக் கிம், சங்-ஜே பாக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் கருதத்தக்கது. அவர்கள் ஆராய்ந்த 27 மாணவர் கல்லூரிக்கு வருமுன் 300 முதல் 2900 வரையிலான கணக்குகளைச் செய்திருந்தனர்; சராசரி ஏறத்தாழ 1500. செய்த கணக்குகளின் எண்ணிக்கைக்கும் கருத்துருப் புரிதலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. ஆயினும் எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. லெய் பாவோவும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஒப்பாய்வில், பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியலைத் தொடர்ந்து பயின்ற சீன மாணவர் விசைக் கருத்துருச் சோதனையில் சராசரியாக 86 விழுக்காடும், அமெரிக்க மாணவர் 49 விழுக்காடும் பெற்றனர். அறிவியல் முறையில் காரணங்காணும் திறனுக்கான வேறொரு சோதனையில் இரு நாட்டினரும் ஏறத்தாழ 74 விழுக்காட்டில் நின்றனர். எனவே தீவிரப் பயிற்சியால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. எவ்வகைப் பயிற்சி என்பதே வினா. அதற்கான விடையை நம் மாணவரிடம் அளந்துதான் அறிய வேண்டும்.

வினாக்களின் தரத்தை அறிய உருப்படி ஆய்வு செய்யப்படுகிறது. கடினநிலைக் குறியீடு என்பது சரியாக விடையளித்தோரின் பங்கு, 0.3 முதல் 0.9 வரை ஏற்கத்தக்கது. வேறுபடுத்தும் குறியீட்டிற்கு, மொத்த மதிப்பெண் அடிப்படையில் மேலுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழுள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடலாம். 100 பேர் எழுதியதாகக் கொண்டால், மேற்குழுவின் 27 பேரில் 20 பேரும் கீழ்க்குழுவின் 27 பேரில் 8 பேரும் சரியாக எழுதியிருப்பின் குறியீடு 12/27, அதாவது 0.44, பொதுவாக 0.3க்கு மேல் இருந்தால் நன்று. முழுச் சோதனையின் நம்பகத்தன்மைக்குக் கூடர்-ரிச்சர்ட்சன் இருபதாம் வாய்பாடு பயன்படுகிறது, 0.7 என்பது வழக்கமான கீழ்வரம்பு. நம் ஆய்வேடுகளில் இவ்வெண்களை முன்சோதனைத் தரவிலிருந்து கணக்கிட்டு, குறைவாக இருப்பது கண்டு நல்ல வினாக்களை நீக்கிவிடும் போக்கைக் காண்கிறேன். அனைவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும்போது எந்த வினாவாலும் வேறுபடுத்த இயலாது. பின்சோதனைத் தரவையும் சேர்த்துப் பார்த்தபின்னரே வினாவை நீக்க வேண்டும்.

புள்ளியியல் அளவுகள் அனைத்தும் நன்றாக அமைந்தாலும் சோதனை எதை அளக்கிறது என்னும் கேள்வி தீர்வதில்லை. டக்ளஸ் ஹஃப்மன், பாட்ரிசியா ஹெல்லர் ஆகியோர் 1995இல் காரணிப் பகுப்பாய்வின் வழி, விசைக் கருத்துருச் சோதனையின் வினாக்கள் ஆக்கியோர் கூறும் கருத்துருக்களின்படி ஒன்றுசேரவில்லை எனக் காட்டினர். ஹெஸ்டனசும் ஹலூனும் மறுமொழி எழுதினர். மாணவரின் அறிவே துண்டு துண்டாக இருக்கையில் விடைகள் எவ்வாறு ஒழுங்காகச் சேரும் என்பது என் கருத்து. 2018இல் அட்ரியன் டிராக்ஸ்லரும் உடன் ஆய்வாளரும், சில வினாக்கள் ஒத்த திறனுடைய ஆண், பெண் மாணவருள் ஒரு பாலாருக்குச் சாதகமாக அமைவதைக் கண்டறிந்தனர். பாதிப்பு பெரிதும் பெண்களுக்கே. பனிக்கட்டியின்மீது ஆடும் ஹாக்கி போன்ற சூழல்கள் நம் மாணவர் இருபாலாருக்கும் அயலானவை. அவ்விடத்தில் கேரம் காயை வைக்கலாம். ஆனால் பலகையில் உராய்வு இல்லை எனக் கொள்க என்னும் தொடரை மறக்கக் கூடாது.

சொல்லா, கருத்துருவா?

மொழிபெயர்ப்பின் விளைவு எத்தகையது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என வழக்குத் தொடரப்பட்டு, தமிழில் எழுதியோருக்கு 196 கருணை மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்து, நவம்பரில் நீக்கியது. சட்டநிலை எவ்வாறாயினும், அளவியல் நோக்கில் அவ்வழக்கு எழுப்பிய கேள்வி நிற்கிறது. ஒரு வினாவின் சொல் பழுதுபட்டால், அதற்குரிய மதிப்பெண் மாணவரின் அறிவை அளக்கிறதா, மொழிபெயர்த்தவரின் அறிவை அளக்கிறதா?

கருத்துருச் சோதனையில் இது இன்னும் நுட்பமானது. மொழிபெயர்ப்புப் பிழையே இல்லாதபோதும் எழக்கூடியது. விசை என்னும் சொல்லையே பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள். ஆனால் சேலம் மாணவி அச்சொல்லை அதற்கு வெகுகாலம் முன்பே விசைத்தறியில் கேட்டுவிட்டாள். விசைப்படகு, விசைப்பலகை என்பனவும் உண்டு. இவற்றிலெல்லாம் விசை என்பது இயக்குகின்ற ஒன்று, பொறிக்குள் குடியிருக்கும் ஒன்று. இரு பொருள்களுக்கிடையே நிகழும் தள்ளுதல் அல்லது இழுத்தல் என்னும் இயற்பியல் பொருள் அச்சொல்லில் தானே தெரிவதில்லை.

மேலே கூறிய மாலையில் மாணவியருள் ஒருவர், தறி ஓடும் வீட்டைச் சேர்ந்தவர், நாணயத்தின்மீது மேல்நோக்கிய விசை உண்டு என்பதில் உறுதியாக இருந்தார். அந்நேரத்தில் நாணயத்தை எது தள்ளுகிறது, எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். சிறிது யோசித்து, எதுவும் தள்ளவில்லை, ஆனால் மேலே போகிறதே, அந்தப் போக்கைத்தான் விசை என்றேன் என்றார். அவர் திசைவேகத்தை, அல்லது உந்தத்தை, விசை என்னும் பெயரால் அழைத்திருக்கலாம். அவ்வாறாயின் அது பிழைக்கருத்தன்று. சொல்லைப் பிறழ வழங்கியது மட்டுமே. அல்லது என் கேள்வியே அவரைச் சரியான திசைக்குத் தள்ளியிருக்கலாம். ஆய்வேட்டில் எந்தக் கட்டத்தில் அவரை வைப்பது என இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

வேகம் என்பதும் இத்தகையதே. வேகமாக அடித்தான் எனும்போது வழக்குத் தமிழ் விசையின் மிகுதியைக் குறிக்கிறது. வேகமாக ஓடினான் எனும்போது விரைவை. ஒரே சொல் விசையையும் விரைவையும் சுமக்கும் மொழியில் வாழும் மாணவர், விசைக்கேற்ற வேகம் என்னும் மயக்க விடையைத் தெரிவதில் வியப்பில்லை. கடையில் எடை 5 கிலோ என்கிறோம். பாடநூலில் எடைக்கு அலகு நியூட்டன். திறன் என்பது வீட்டில் ஒருவரின் ஆற்றல், பாடத்தில் ஒரு நொடிக்குச் செய்த வேலை. ஆற்றல் என்பதோ பாடத்தில் வேறொன்று.

தமிழ் ஒன்றெனினும் இயற்பியல் தமிழ் ஒன்றன்று என்பதையும் இணையவழி ஆய்விதழின் வாசகருக்குக் கூற வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை, எடை எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே திணிவு, நிறை எனப்படுகின்றன. இங்கு வேகம், திசைவேகம். அங்குக் கதி, வேகம். முடுக்கம் அங்கு ஆர்முடுகல். ஆற்றலும் திறனும் அங்குச் சக்தியும் வலுவும். சேலத்தில் ஆக்கிய சோதனையை யாழ்ப்பாணத்தில் கொடுத்தால், நிறை இரு மடங்கானால் என்று தொடங்கும் வினா அங்கு வேறொரு வினாவாகிவிடும். மாணவர் முழுமையாகப் புரிந்து தவறாக விடையளிப்பர். பயன்படுத்தும் நாட்டின் கலைச்சொற்களைக் குறிப்பிடாமல் தமிழாக்கம் என்று மட்டும் வெளியிடுவது போதாது.

சோதனையை நடத்தும் சூழலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி ஒன்றில் முன்னோட்டமாக நான் நடத்திய சோதனையில், இதன் மதிப்பெண் அகமதிப்பீட்டில் சேரும் என்று வகுப்பில் யாரோ கூறிவிட்டனர். விடைத்தாள்களைத் திருத்தும்போது அடுத்தடுத்து அமர்ந்திருந்தோரின் தவறுகளும் வரிசை மாறாமல் ஒத்திருந்தன. கட்டு முழுவதையும் ஒதுக்கினேன். மதிப்பெண் உண்டு என்றால் பார்த்தெழுதுவர், இல்லை என்றால் படிக்காமல் குறிப்பர். வருகைக்கு மட்டும் சிறு மதிப்பளித்து, விடைகளுக்கு மதிப்பில்லை என ஆசிரியர் வாயாலேயே அறிவிப்பது ஓரளவு பயன் தருகிறது.

ஊகத்தையும் உறுதியான நம்பிக்கையையும் பிரித்தறியச் சலீம் ஹசன் முதலானோர் 1999இல் முன்வைத்த விடையுறுதிக் குறியீடு உதவும். ஒவ்வொரு விடைக்கும் அருகில் 0 முதல் 5 வரை தம் உறுதியை மாணவர் குறிப்பர்; தவறான விடையுடன் உயர்ந்த உறுதி இருப்பின் அது பிழைக்கருத்து, குறைந்த உறுதி இருப்பின் அறியாமை. டேவிட் டிரெகஸ்ட் 1988இல் விளக்கிய ஈரடுக்கு முறையில் முதல் அடுக்கு விடையையும் இரண்டாம் அடுக்கு அதற்கான காரணத்தையும் கேட்கும். இரண்டும் பயனுடையவை எனினும் சொல்லின் சிக்கலைத் தீர்ப்பதில்லை. தவறான பொருளில் ஒரு சொல்லைக் கையாளும் மாணவர் முழு உறுதியுடனும் பொருத்தமான காரணத்துடனும் அதனைச் செய்வார்.

ஆகவே நாடா வினாவுக்கு இரண்டு வடிவங்களை அமைத்துள்ளேன். முதல் வடிவம் மேலே தந்தது. இரண்டாம் வடிவத்தில் விசை என்னும் சொல் வினாவிலும் தெரிவுகளிலும் இல்லை. நாடா நடுப்பகுதியைக் கடக்கும் கணத்தில் அதனை முன்னோக்கித் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருப்பது ஏதேனும் உண்டா, உண்டெனில் எது என்று கேட்கிறது. ஏதேனும் உண்டா என்பதை முதல் வரைவில் எழுதத் தவறி, ஒன்று இருந்தே ஆக வேண்டும் என மாணவரை நானே நம்பவைத்துவிட்டேன், பின்னர் திருத்தினேன். ஒரே வகுப்பில் குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு ஒரு வடிவமும் மீதிப்பேருக்கு மற்றதும் தரப்படும். இரண்டிலும் மயக்க விடைகள் ஒரே அளவில் தெரியப்பட்டால் பிழை கருத்துருவில் உள்ளது. இரண்டாம் வடிவத்தில் அவை வெகுவாகக் குறைந்தால், பிழைக்கருத்து எனத் தமிழ்வழி மாணவர்மீது நாம் ஏற்றியவற்றுள் ஒரு பகுதி கலைச்சொல்லுக்கு உரியது. விசைத்தறிப் பகுதியைச் சேர்ந்த கல்லூரி ஒன்றிலும், தறியே இல்லாத ஆற்றுப்பாசனப் பகுதியின் கல்லூரி ஒன்றிலும் வரும் பருவத்தின் தொடக்கத்தில், இயக்க விதிகள் கற்பிக்கப்படும் முன்னர், இவ்விரு வடிவங்களும் அளிக்கப்படவுள்ளன.